சிறுநீரகம் மாற்றிய அண்ணனுக்கு ஊரில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கப்பலூர்_தங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு இந்த வருடத் தொடக்கத்தில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அம்மாதான் கொடுத்தார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இவ்வளவு நாள் மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். இப்போது திருமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்கே அண்ணனைக் கூட்டி வந்துவிட்டோம்.

டாக்ரோலிமஸ், மைகோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் ஓடுகிறது. கூடவே ஒரு செப்ட்ரான். "இன்ஃபெக்‌ஷன் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். எதிலிருந்து வரும், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று விவரமாகக் கேட்க முடியவில்லை, வெளியே அவ்வளவு கூட்டம்.

வீட்டில் மாட்டுத் தொழுவம் இருக்கிறது, வைக்கோல் படப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் புறாக் கூண்டு. இதற்கு நடுவில் எதிர் வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. முந்தாநாள் வரை அவன் எங்கள் திண்ணையில் அண்ணனோடுதான் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். மாமா கஷாயம் கொடு என்கிறார். சித்தி அண்ணனை அறையை விட்டே வெளியே விடாதே என்கிறார். அண்ணனுக்கு இரண்டுமே கோபத்தைத் தருகிறது. எது உண்மையான பயம், எது வீண் பயம் என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி.

பழைய_வார்டு_சிஸ்டர் எழுதியது:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். அம்மை விஷயத்தை இன்றைக்கே உங்கள் ட்ரான்ஸ்பிளான்ட் டாக்டருக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நான் டயாலிசிஸ் வார்டிலும் மாற்று சிகிச்சை வார்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சின்னம்மை உடம்பில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அதனால் அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்த நேரம் கணக்கில் வரும். நல்ல உடம்புள்ள பிள்ளைக்கு அது வந்து போகும். அண்ணன் மாதிரி மருந்து சாப்பிடுகிறவருக்கு நுரையீரல், கல்லீரல், மூளை வரைக்கும் போகலாம். அவருக்குச் சிறு வயதில் அம்மை போட்டிருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். போட்டதில்லை என்றால், தொடர்பு ஏற்பட்ட 96 மணி நேரத்துக்குள் அம்மைக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் பொருள்) ஊசி கொடுப்பது நல்லது, 10 நாள் வரைக்கும் கொடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் வைரஸ் மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பிப்பது உண்டு. எது வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நம் வேலை மணிக்கணக்கை வீணாக்காமல் சொல்வது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மைக்கு மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்து, மூச்சு வாங்கிய பிறகு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேப்பிலை கட்டுங்கள், வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளியுங்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மருந்தும் அதே நாளில் ஆரம்பிக்க வேண்டும்.

கப்பலூர்_தங்கை எழுதியது:

சிஸ்டர், பேசிவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் அண்ணனுக்கு அம்மை போட்டது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் எதிர்ப்புப் பொருள் இருந்ததாம். அதனால் ஊசி வேண்டாம், மூன்று வாரம் கவனமாகப் பாருங்கள், ஒரு கொப்புளம் வந்தாலும் உடனே வாருங்கள் என்றார்கள்.

அப்படியென்றால் செப்ட்ரான் எதற்கு? அண்ணனுக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை. நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

கூடல்நகர்_வாசி எழுதியது:

தங்கச்சி, அந்த மாத்திரையை மட்டும் அண்ணன் தானாக நிறுத்தவே கூடாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். எனக்குப் பல வருடங்களாக ஹெச்.ஐ.வி. இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் ஹெச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன்.

நமக்கெல்லாம் காற்றிலிருந்து சின்ன வயதிலேயே நியூமோசிஸ்டிஸ் என்ற ஒரு பூஞ்சை நுரையீரலுக்குள் போய்விடுகிறது. உடம்பு தெம்பாக இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. காவல் குறைந்ததும் நிமோனியாவாக வரும். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்திருப்பதாக ஒரு சிறு அறிக்கை வெளியானது. அதுவரை இது கேன்சர் மருந்து எடுப்பவர்களிடமும், மாற்று உறுப்பு பெற்றவர்களிடமும், மிகவும் நலிந்த குழந்தைகளிடமும்தான் தெரியும். இளைஞர்களுக்கு ஏன் வருகிறது என்ற கேள்வியில்தான் எய்ட்ஸ் உலகத்துக்குத் தெரிய வந்தது. நம் நாட்டில் 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள்.

அந்த நிமோனியாவைத் தடுக்கத்தான் உங்கள் அண்ணனுக்கும் செப்ட்ரான். எங்களுக்கும் அதே மாத்திரைதான். நோய் வந்ததால் கொடுப்பதில்லை, வராமல் இருக்கக் கொடுப்பது. டாக்ஸோபிளாஸ்மா என்ற மூளைத் தொற்றையும் சேர்த்துத் தடுக்கும். விலையும் மிகக் குறைவு. உடம்பெல்லாம் தடிப்பு, வாய்ப்புண் வந்தால் மட்டும் உடனே போய்க் காட்டுங்கள், சிலருக்கு அதில் உள்ள சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது.

எங்கள் ஆட்களுக்கு சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை வைத்து ஆபத்தைக் கணிப்பார்கள். 200-க்குக் கீழே போனால் அந்த நிமோனியா. 100-க்குக் கீழே போனால் கிரிப்டோகாக்கஸ் என்ற மூளை உறைக் காய்ச்சல், டாக்ஸோ. 50-க்குக் கீழே சி.எம்.வி. வைரஸ் கண்ணின் விழித்திரையை அரிக்கும். அதில் வலியே இருக்காது. கண் முன்னால் தூசி பறக்கிற மாதிரி, ஒரு பக்கம் நிழல் விழுகிற மாதிரி இருக்கும். கண்ணுக்குள் மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும். நம் ஊரிலேயே 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும்போது, எண் குறைந்தவர்கள் ஒரு தடவை காட்டிவிடுவதில் என்ன சிரமம்?

காசநோய்க்கு மட்டும் இந்த எண் கணக்குக் கிடையாது. சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் வரலாம். நம் நாட்டில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் சாகடித்தது அதுதான். 2004 ஏப்ரல் 1-ல் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்னால் மதுரையிலிருந்து இரவு பஸ் ஏறித் தாம்பரம் போய், திரும்பி வராத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் காசநோய். வாயில் வெள்ளை படிந்து எச்சில் விழுங்க முடியாமல் வருவார்கள். அதுவும் கேண்டிடா என்ற பூஞ்சைதான், நம் வாயிலேயே எப்போதும் இருப்பது. இப்போது காசநோய் வராமலிருக்கவே தடுப்பு மாத்திரை தருகிறார்கள். அதை மறுக்காதீர்கள்.

சோழவந்தான்_பெரியவர் எழுதியது:

எல்லோரும் மாத்திரை மாத்திரை என்கிறீர்கள். உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்ததுதானே பிரச்சினை? சீந்தில் கொடி, அமுக்கரா, நிலவேம்பு என்று நம்மிடமே எவ்வளவோ இருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் கிருமி தானாக ஓடுமே. அந்தப் பிள்ளையின் மாமா சொல்வதில் என்ன தவறு?

மேலூர்_மருந்துக்கடை எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தத் தங்கச்சியின் அண்ணன் விஷயத்தில் அது நேர் எதிராகப் போய்விடும்.

அவருடைய எதிர்ப்பு சக்தி தானாகக் குறையவில்லை. வேண்டுமென்றே அளவு பார்த்துக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க வேறு வழியில்லை. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் எதைக் கொடுத்தாலும் அது முதலில் பாயப்போவது அந்தச் சிறுநீரகத்தின் மேல்தான். சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள், பிறகு வேறு ஊர்களிலிருந்தும் அதே செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உடம்பு தன் கல்லீரலையே தாக்கிக்கொண்டது போன்ற நோய் வந்திருந்தது.

தங்கச்சி, மருந்துக்கடைக்காரனாக எனக்கு உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் ஒரு சின்ன எல்லைக்குள் இருக்க வேண்டிய மருந்து. கூடினால் சிறுநீரகத்துக்கே கெடுதல், குறைந்தால் நிராகரிப்பு. ஃப்ளூகோனசோல் என்று படர்தாமரைக்குச் சர்வசாதாரணமாக வாங்கிப் போடுகிறார்களே, அது டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தரைமட்டத்துக்கு இறக்கும். பம்பளிமாஸ் பழம் கூட ஏற்றும், அது வேண்டாம். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை, வலி ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்தக் கடைக்குப் போனாலும், எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்னால் "சிறுநீரகம் மாற்றியவர், டாக்ரோலிமஸ் ஓடுகிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூட்டு வலி, இழுப்பு, தோல் அரிப்பு என்று வருகிறவர்களுக்குச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்காதீர்கள். பெயரில்லாத பொட்டலச் சூரணத்தில் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் நடக்கிறது. குடித்த இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் அதைச் சாப்பிடுகிறவருக்குத் தன் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதே தெரியாது. அவர் டாக்டரிடமும் சொல்ல மாட்டார்.

சோழவந்தான்_பெரியவர் எழுதியது:

வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத செய்தி. சரி, கஷாயத்தை விடுங்கள். அக்கிக்கு என்ன சொல்கிறீர்கள்? எங்கள் ஊரில் வேளார் (குயவர்) வீட்டில்தான் காவி கரைத்து எழுதுவோம். எத்தனையோ பேருக்கு ஆறியிருக்கிறது. இங்கேயும் ஆஸ்பத்திரிதானா?

பழைய_வார்டு_சிஸ்டர் எழுதியது:

ஐயா, நல்ல உடம்புள்ளவருக்கு அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே ஆறும். எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். எழுதுகிறவர் அன்பாக விசாரித்து, பத்தியம் சொல்லி அனுப்புவது மனதுக்கு ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாற்று உறுப்பு உள்ளவர், ஹெச்.ஐ.வி. உள்ளவர், கீமோ எடுப்பவர் விஷயம் வேறு. அக்கி என்பது சிறு வயதில் வந்த அதே அம்மைக் கிருமி, நரம்பின் வேரில் பல வருடம் பதுங்கி இருந்து மறுபடி கிளம்புவது. இவர்களுக்கு அது ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பெல்லாம் பரவலாம். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் ஆரம்பித்தால் நல்ல பலன். தீவிரமாக இருந்தால் ஊசி வழியாகவே கொடுப்போம். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் போக வாய்ப்பு அதிகம், அன்றே கண் டாக்டர் பார்க்க வேண்டும். உடைந்த கொப்புளத்தின் மேல் மண் பூசினால் வேறு கிருமியும் சேரும். 72 மணி நேரம் என்பது வேளார் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வருவதற்குள் தீர்ந்துவிடும், ஐயா. என் பயம் அது ஒன்றுதான்.

2023-லிருந்து உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது. விலை அதிகம். கட்டுப்படியாகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

அம்மாவின்_மகள் எழுதியது:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. நான் எழுதுவதை கீமோ வீட்டுக்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இரண்டாவது கீமோ போட்டு வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் அம்மாவுக்கு மாலையில் காய்ச்சல். உடம்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சளி இல்லை, புண் இல்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கீமோ நடக்கிறது என்று சொன்னேன். பாராசிட்டமால் ஊசி போட்டு, "தொண்டை சுத்தமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. நள்ளிரவுக்கு மேல் அம்மாவுக்குக் கை கால் சில்லிட்டு, பேச்சு குழறியது. ஆட்டோ பிடித்து கேன்சர் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 100 கூட இல்லை. ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் எனக்குப் புரிய வைத்தது இதுதான்: சீழ் என்பதே வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போட்டுச் செத்துக் கிடப்பது. வெள்ளை அணுவே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? தொண்டை சிவக்காது, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரியாது, சிறுநீரில் சீழ் அணு இருக்காது. அவர் உடம்பால் காட்ட முடிந்த ஒரே அடையாளம் காய்ச்சல். அதையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிட்டால் ஒன்றுமே மிச்சமில்லை.

கீமோ போட்ட 7-லிருந்து 14 நாளுக்குள் அணுக்கள் மிகவும் இறங்கும். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ் என்றால் பெரிய ஆபத்து. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அது எமர்ஜென்சி, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏற வேண்டும். இரவு எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். எங்கே போவது, எந்த வாசல் இரவில் திறந்திருக்கும், யார் நம்பர் என்பதை கீமோ தொடங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கு வயிறு கட்டிக்கொண்டது என்று எனிமா கொடுப்பது, ஆசனவாயில் மாத்திரை வைப்பது எதுவும் அந்த நாட்களில் கூடாது, அந்தச் சின்னக் காயம் வழியாகவே கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

பழைய_வார்டு_சிஸ்டர் எழுதியது:

அம்மா இப்போது நலமா மகளே? நீங்கள் எழுதியதில் ஒரு வரி சேர்க்கிறேன். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். சோர்வு, நடுக்கம், சாப்பாடு பிடிக்காமை, மூச்சு வாங்குதல், குழப்பமாகப் பேசுவது, இதில் எது புதிதாக வந்தாலும் காய்ச்சலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின்_மகள் எழுதியது:

நலம் சிஸ்டர். அடுத்த கீமோவிலிருந்து அணுக்களைக் கூட்டும் ஊசி போடுகிறார்கள். மறுபடி அப்படி ஆகவில்லை.

ஆய்வகத்_தம்பி எழுதியது:

மதுரையில் மைக்ரோபயாலஜி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் ஆஸ்பத்திரிப் பக்கம் பேசிவிட்டீர்கள். மண்ணைப் பற்றி நான் பேசுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்து நோயாளிகளில் பெரும்பாலோர் வயலில் இறங்குகிறவர்கள்.

முதலாவது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. வெறும் காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும். மற்றக் குடல் புழுக்கள் சில வருடத்தில் செத்துவிடும். இது உடம்புக்குள்ளேயே இனம் பெருக்கிப் பல பத்தாண்டுகள் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதையில் கைதிகளாக வேலை செய்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடம், ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இதே புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு காலம் அவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒருவருக்கு இழுப்புக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால், புழு கட்டுமீறிப் பெருகி குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரல், மூளை எங்கும் போகும். போகும்போது குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். அந்த நிலைக்குப் போனவர்களைக் காப்பாற்றுவது மிகக் கடினம். இத்தனைக்கும் முன்பே கண்டுபிடித்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் தீர்ந்துவிடும். சாதாரணமாகக் கொடுக்கும் அல்பெண்டசோல் இதற்கு அவ்வளவாகப் போதாது. ஒரு தடவை மலப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை, பல தடவை பார்க்க வேண்டும், அல்லது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு அதிகம் இருந்தால் அது ஒரு குறிப்பு. வயலில் வளர்ந்த எவருக்கும் நீண்டகால ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள் என்பதுதான் நான் இங்கே எழுத வந்ததற்கே காரணம்.

இரண்டாவது மெலியாய்டோசிஸ். 1912-ல் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் ரங்கூனில் முதன்முதலாக விவரித்த நோய். இதன் பாக்டீரியா நெல் வயல் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும். மழைக்காலத்தில் அதிகம் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் குறிவைக்கும். நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரியே இருக்கும்; காசநோய் மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் குணமாகாமல் சுற்றுவார்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வரும். ஆய்வகத்திலும் இதைச் சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா என்று தவறாக எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் சர்க்கரை உள்ள விவசாயிக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், டாக்டரிடம் "நான் வயலில் இறங்கி வேலை செய்கிறவன்" என்று சொல்லுங்கள். ஆய்வகச் சீட்டில் அந்த ஒரு வரி இருந்தால் நாங்கள் தேடும் விதமே மாறிவிடும். சிகிச்சை குறைந்தது இரண்டு வாரம் ஊசி, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. அந்த மாத்திரையும் மேலே பேசிய செப்ட்ரான்தான்.

மூன்றாவதாகப் பொதுவாக ஒன்று. ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கடையில் வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு வந்தால் எங்கள் பாட்டிலில் எதுவும் வளராது. எந்தக் கிருமி என்றே தெரியாமல் இருட்டில் வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும்.

மண்ணில் இருந்து வரும் நோய் என்றாலே எனக்கு நம் ஊர் நினைவு வரும். முள் குத்திய காலில் கட்டி கட்டியாக வீங்கிச் சீழோடு மணி மணியாக வெளியேறும் நோயை 1842-ல் மதுரையில்தான் ஜான் கில் என்ற மருத்துவர் பதிவு செய்தார். இன்றும் உலகம் அதை மதுரைக் கால் என்கிறது, அதை உண்டாக்கும் ஒரு பூஞ்சைக்கு மதுரெல்லா என்று பெயர். அது நல்ல உடம்புள்ளவர்களுக்கும் வரும். செருப்பு போட்டால் அதற்கும் தடுப்பு, ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கும் தடுப்பு.

வாடிப்பட்டி_விவசாயி எழுதியது:

தம்பி, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நானும் இந்தக் கணக்கில் வருகிறேனா? எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்று என்னை யாரும் சொன்னதில்லை. இப்போது நாற்று நடவு நேரம், இறங்காமல் இருக்க முடியாது.

ஆய்வகத்_தம்பி எழுதியது:

வருகிறீர்கள் அண்ணே. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வெள்ளை அணுக்கள் வேகமாகக் கிருமியிடம் போகாது, போனாலும் சரியாகக் கொல்லாது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை வந்தது நினைவிருக்கும். அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அது புதிதாக முளைத்த பூஞ்சை இல்லை. மக்கிய இலையிலும் எருவிலும் எப்போதும் இருப்பது. சர்க்கரை எகிறியவர்களுக்கு, அதுவும் ஸ்டீராய்டு வேறு ஏறியவர்களுக்கு, மூக்கு வழியாகப் போய் ரத்தக் குழாயை அடைத்து கண், தாடை எல்லாவற்றையும் கருக வைத்தது. ஒரு பக்கம் முகம் வலிப்பது, மூக்கில் கருப்பாக வருவது, பல் ஆடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது இதெல்லாம் வந்தால் இன்றும் அதே அவசரம்தான். கொரோனா போனாலும் கரும்பூஞ்சை போகவில்லை.

இறங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை, காலில் புண் இருந்தால் ஆறும்வரை வேறு வேலை, ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவுவது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். இவ்வளவு செய்தால் பெரும்பகுதி ஆபத்து குறைந்துவிடும்.

கப்பலூர்_தங்கை எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. அண்ணனே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். அவர் கேட்கச் சொன்னது: சாப்பாட்டில் எது கூடாது? புறாவையும் மாட்டையும் என்ன செய்வது?

கூடல்நகர்_வாசி எழுதியது:

அண்ணனுக்கு ஒரு மதுரைக்காரனாக வருத்தத்தோடு சொல்கிறேன், கலக்கியும் ஆஃப் பாயிலும் வேண்டாம். அரைவேக்காட்டு முட்டையில் சால்மொனெல்லா இருக்கும். நல்ல உடம்புள்ளவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, எங்களுக்கு ரத்தத்தில் கலந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும். முழுதாக வெந்த முட்டை, நன்றாக வெந்த கறி தாராளமாகச் சாப்பிடட்டும். சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரல்) லேசாக வாட்டிக் கொடுப்பார்கள், அதுவும் முழுக்க வேக வேண்டும். வெளியில் ஐஸ் போட்ட எதுவும் வேண்டாம், ஜிகர்தண்டா ஆசை வந்தால் வீட்டில் செய்யுங்கள். சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலையும் இந்த வருடம் தவிர்க்கச் சொல்லுங்கள், என்ன தண்ணீர் என்று கொடுப்பவருக்கே தெரியாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், கேன் தண்ணீராக இருந்தாலும். குளோரின் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுத்திகரித்த குடிநீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, உயிர் போனவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் அது செத்துவிடும்.

புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருக்கும். கூண்டைப் பெருக்கும் வேலை, மாடியைச் சுத்தம் செய்யும் வேலை அண்ணனுக்கு வேண்டாம். பக்கத்து வீட்டில் இருப்பதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தலைவலி இருந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

பழைய_வார்டு_சிஸ்டர் எழுதியது:

மாடு இருக்கட்டும். பச்சைப் பால் குடிக்கக்கூடாது, காய்ச்சிக் குடிக்கலாம். சாணி அள்ளுவது, மக்கிய வைக்கோல் உதறுவது, குப்பைக்குழி கிளறுவது மூன்றும் மற்றவர்கள் செய்யட்டும். பழைய வைக்கோல் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நிறைய இருக்கும். வீட்டை இடித்துக் கட்டுகிற இடத்திலும் அப்படித்தான். போயே ஆக வேண்டும் என்றால் என்-95 முகக்கவசம்.

உங்கள் சித்திக்குச் சொல்லுங்கள்: அறைக்குள் பூட்டி வைக்க வேண்டாம். முதல் ஆறு மாதம்தான் மருந்தின் அளவு அதிகம், இந்த வகைத் தொற்றும் அப்போதுதான் அதிகம். அதற்குப் பிறகு மருந்து குறையக் குறைய ஆபத்தும் குறையும். இடையில் நிராகரிப்பு வந்து அதற்கு வலுவான மருந்து கொடுத்தால் மட்டும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. காலையில் வரப்பில் செருப்போடு நடக்கட்டும், நண்பர்களைப் பார்க்கட்டும், சளி இருமல் உள்ளவர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

தெப்பக்குளம்_அக்கா எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரிடமிருந்து மற்றவர்களுக்கு ஒட்டுமா? எங்கள் காம்பவுண்டில் ஹெச்.ஐ.வி. உள்ள ஒரு குடும்பத்தை வீட்டை காலி செய்யச் சொல்லிப் பேச்சு நடக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

கூடல்நகர்_வாசி எழுதியது:

அக்கா, கேட்டதற்கே நன்றி. நாங்கள் பேசிய பூஞ்சைகள், டாக்ஸோ, சி.எம்.வி. எல்லாம் ஏற்கெனவே உங்கள் காம்பவுண்டிலும் நிறையப் பேர் உடம்பிலும் இருப்பவைதான். அந்தக் குடும்பம் கொண்டு வரவில்லை. காசநோய் மட்டும் காற்றில் பரவும், ஆனால் அது ஹெச்.ஐ.வி. இல்லாத எவரிடமிருந்தும் வரும், சரியான மருந்து ஆரம்பித்தால் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். உண்மையில் உங்கள் இருமல்தான் அவர்களுக்கு ஆபத்து. ஹெச்.ஐ.வி. இருப்பதற்காக வாடகை வீட்டை மறுப்பதும் காலி செய்யச் சொல்வதும் 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அவர்கள் நிலையை அவர்கள் சம்மதம் இல்லாமல் ஊருக்குச் சொல்வதற்கும் அந்தச் சட்டம் தடை போடுகிறது. 1097 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து அந்தக் குடும்பத்துப் பக்கம் நில்லுங்கள் அக்கா. வீடு மாறி மாறி அலைகிறவர்கள்தான் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், மாத்திரையை விட்ட பிறகுதான் இந்த நோய்கள் எல்லாம் வருகின்றன.

தெப்பக்குளம்_அக்கா எழுதியது:

இன்று மாலை வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன்.

கப்பலூர்_தங்கை எழுதியது:

கடைசியாக ஒன்று சிஸ்டர். அடுத்த மாதம் அக்கா கைக்குழந்தையோடு வருகிறாள். குழந்தைக்குத் தடுப்பூசியும் சொட்டு மருந்தும் போடும் நேரம். அண்ணன் இருக்கும் வீட்டில் பிரச்சினையா? அண்ணனுக்கு ஏதாவது ஊசி போட வேண்டுமா?

பழைய_வார்டு_சிஸ்டர் எழுதியது:

அண்ணனுக்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்து எதுவும் கூடாது, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி), சின்னம்மைத் தடுப்பூசி, போலியோ சொட்டு எல்லாம் அதில் சேரும். ஃப்ளூ ஊசி வருடா வருடம், நிமோனியா தடுப்பூசி இரண்டும் போடலாம், எப்போது என்று டாக்டர் சொல்வார். வீட்டில் உள்ள நீங்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குத் தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு இரண்டிலும் உயிருள்ள கிருமி இருக்கிறது, அது சில வாரம் குழந்தையின் மலத்தில் வரும். அதனால் சொட்டு போடும் முன்பே அக்கா தன் குழந்தை டாக்டரிடம் "வீட்டில் மாற்று சிறுநீரகம் உள்ளவர் இருக்கிறார்" என்று சொல்லட்டும். போலியோவுக்கு ஊசி வடிவமும் உண்டு. சொட்டு ஏற்கெனவே போட்டாகிவிட்டால், அண்ணன் அந்த வாரங்களில் குழந்தைக்குக் கால் கழுவிவிடுவது, துணி மாற்றுவது மட்டும் செய்யாமல் இருக்கட்டும். குழந்தையைத் தூக்கட்டும், விளையாடட்டும், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.